கொக்கெலும்புக் குழல்

வேல்ஸ் கடலோர அருங்காட்சியகத்தில், பழங்காலக் கொக்கெலும்புக் குழலை அதன் காப்பாளர் மெரெரிட் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கடல் கொண்டுபோனவரை அது கூப்பிட்டுத் தரும் என்பது, ட்ரூயிட் என்ற பண்டைக்காலப் பூசாரிகளின் வழிவந்தவர்களாகச் சொல்லிக்கொண்டு கோடைதோறும் வெள்ளை அங்கியில் வரும் கூட்டத்தின் நம்பிக்கை.

“ஏம்மா, ட்ரூயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு பலகையில எழுதி வச்சதே நீதானே?” என்றார் காவலாளி எமிர்.

“எழுதினப்போ எம்புள்ள கரையில இருந்தான், எமிரண்ணே.”

படகோடு கடலில் காணாமல்போன மகன் இதெலை நினைத்து, பெற்றவள் உதடு வெடிக்க ஊதினாள். சத்தமே வரவில்லை. துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. எமிர் தொட்டு நாக்கில் வைத்தார், உப்பு.

தண்ணீர் இருமலைப்போல விட்டுவிட்டு வந்தது. மெரெரிட் குழலைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள்.

“துப்பிருடா கண்ணு, எல்லாத்தையும் துப்பிரு.”

தோள் நனைந்ததே தவிர, தண்ணீர் நிற்கவில்லை.