சூடு ஆறிய தகடு

மருமகள் இரண்டாவது முறையும் 'ஃபெயில்' என்று எழுதிவிட்டாள்.

வேறு யாருடைய கலவையாக இருந்தாலும் பேச்சில்லை. சொந்த மாமனாருடைய கலவை.

டப்பா செய்யும் ஆலை அது. சாப்பாட்டுப் பொருள் அடைக்கிற தகர டப்பாக்களுக்கு உட்பக்கம் பூசுகிற பூச்சைக் கலப்பது அவர் வேலை. பூசிய தகட்டைக் கீறி, அடித்து, வளைத்துப் பார்ப்பது அவள் வேலை. இன்று மாலைக்குள் கலவை தேறிவிட்டால் கலவைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது மருமகளுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

செய்தி கேண்டீனுக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. பெற்ற மகளாக இருந்தால் இப்படிச் செய்வாளா என்றார் ஒருவர். வீட்டில் கருகிப் போன தோசையைப் பற்றி மாமனார் ஏதாவது சொல்லியிருப்பார், இங்கே வைத்துக் கணக்குத் தீர்க்கிறாள் என்று பிரஸ் ஓட்டுகிறவர் கண்ணடித்தார். பெரியவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே சோதனை அறைக்குப் போனார்.

"நகத்தால கீறிப் பாரும்மா. கோடு விழுதா?"

"விழல மாமா. கல்லு மாதிரி நிக்குது. வளைச்சாத்தான் உடையுது."

காலையில் பூச்சைச் சுட்டு இறுக்குகிற அடுப்பிலிருந்து எடுத்த கையோடு தானே வளைத்துப் பார்த்ததாகவும், ஒரு பிசிறுகூட இல்லை என்றும் அவர் அடித்துச் சொன்னார்.

"டப்பா கடையில சூட்டோடயா உக்காந்திருக்கும், மாமா?"

அவர் முறைத்தார். அவள் ஆறிப்போன தகடு ஒன்றை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே மெல்லிய கம்பியின் மேல் மடக்கினாள். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தாள். மடங்கிய இடத்தில் முடி முடியாகச் சிவப்புக் கோடுகள். பூச்சு விரிசல் விட்டு இரும்பு வெளியே தெரிகிற இடம் மட்டும் அப்படிச் சிவக்கும். துரு புகுந்து சாப்பாட்டில் இறங்குவதும் அந்த வழியாகத்தான்.

"இத பூதக்கண்ணாடி வச்சுல்ல தேடணும். இதுக்குப் போயி ஃபெயிலா?"

"எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுது மாமா."

வெளியே எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள் என்றார் அவர். அதுவும் காதில் விழுந்தது என்றாள் அவள். இளக்கம் கொடுக்கிற எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக் கலந்தால் போதும், நாளைக்கு வளைத்துப் பார்த்து 'பாஸ்' என்று தானே எழுதித் தருவதாகச் சொன்னாள்.

"நாளைக்கு அந்த வேலை எனக்கு இருக்காதும்மா."

அவள் கம்பியைத் துடைத்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்தாள்.

இதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும்? பெரியவர் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குப் படியேறினார்.

மேனேஜர் முழுவதும் கேட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. சின்னப் பெண், புத்தகத்தில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்றார்.

"உங்க கைக்குத் தெரியாததா? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே. என் கையெழுத்துல அனுப்பிடறேன்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கு சார். எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

கையெழுத்து விழுந்தது. மேனேஜர் எழுந்து கைகொடுத்தார். இனிமேல் கலவைப் பிரிவுக்கு அவர்தான் எல்லாம் என்றார். பெரியவர் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு.

கலவை தேறினால், அதில் செய்த முதல் டப்பா கலந்தவர் வீட்டுக்குப் போகும். அந்த ஆலையில் அது வழக்கம். மேனேஜர் மறக்கவில்லை.

"முதல் டப்பாவுல பால் பவுடர் நிரப்பி உங்க பேத்திக்கு நானே குடுத்தனுப்பறேன்."

கும்பிட்டுவிட்டு வாசல் வரை போன பெரியவர், நின்று திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"சார்... வீட்டுக்கு மட்டும் போன மாசக் கலவையில செஞ்ச டப்பாவாப் பாத்துக் குடுத்துடுங்க."