பின் பம்பரின் பழைய நெளிசல்

காற்றில் முறிந்த புளியங்கிளை காரின் பானெட்டை அமுக்கிவிட்டது. கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. இன்சூரன்ஸ் பணம் வந்தால் பிழைக்கும். வராவிட்டால் காயலான் கடைதான்.

பின் பம்பருக்கோ ஒரே குஷி. அது இரும்பு பம்பர். மூன்று வருடம் முன்பே கேட்டில் இடித்து நெளிந்தது.

"அண்ணே, நானும் அந்தக் கிளையிலதான் அடிபட்டேன்னு சொல்லிடுங்க. ஓசியில நிமிர்ந்துக்கிறேன்."

"கிளை விழுந்தது முன்னாலடா. நீ இருக்கிறது பின்னால," என்றது பானெட்.

"உருண்டு வந்துச்சுன்னு சொல்லுங்க. யாரு பார்த்தா?"

"உன் பொய் தெரிஞ்சா என் அடியையும் நம்ப மாட்டாங்க. மொத்தமா எடைக்குப் போட்டுடுவாங்க. போ!"

மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயரின் கேமரா வந்தது. பானெட்டை நாலு பக்கமும் படம் எடுத்தது. பிறகு பின்னால் வந்து நின்றது.

"இது எப்போ பட்ட அடி?"

பம்பர் தன் நெளிசலில் ஏறியிருந்த துருவைப் பார்த்துக்கொண்டது.

"பழசுங்க. ஓனர் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டுல விட்டாரு. கிளைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை."

கேமரா சிரித்தது.

"இன்னிக்கு ஏழு வண்டி பார்த்துட்டேன். எல்லா அடியும் அந்தக் காத்துல பட்டதாம்! நீ ஒருத்தன்தான் உண்மையைச் சொன்னே. பானெட் சொல்றதை நம்பலாம்."

பத்தாம் நாள் கார் ரோட்டில் ஓடியது. நிமிர்த்திப் பெயின்ட் அடித்த பானெட் முன்னால் மினுங்கியது. பின்னால் வந்த ஆட்டோ பம்பரைக் கேலி செய்தது.

"என்னப்பா, உன்னை மட்டும் அப்படியே விட்டுட்டாங்க?"

"ஓடிக்கிட்டிருக்கேனே, கண்ணு தெரியலையா? தள்ளி வா!" என்றது பம்பர்.