இரண்டாம் சாட்சி

வந்தவள் நீட்டிய அஞ்சலட்டையில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று வாசற்படியிலேயே பிலோமினாவுக்குத் தெரிந்துவிட்டது.



“ஐயா கீறாரா பாப்பா? நசரத்பேட்டைலேந்து வரேன். மணவாளன் சம்சாரம், வடிவு.”

மணவாளன். போன வாரம் எழுதிய நாற்பது பெயர்களில் ஒன்று.

பிலோமினாவின் அப்பா இன்னாசிமுத்து விமானப்படையில் கல்வி அதிகாரியாக இருந்தவர். பதவி உயர்வுப் பரீட்சைக்கு நிற்கும் வீரர்களுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுத்தே இருபது வருடம் போனது. ஓய்வு பெற்றபின் காட்டுப்பாக்கத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, எழுபத்தொன்றாம் வருடப் போரில் தன் தளத்தில் நடந்ததைச் சரித்திரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

ஆளுக்கு ஒரு குறிப்பட்டை எழுதி இழுப்பறையில் அடுக்கியிருந்தார். செத்தவனின் தேதி மட்டும் சிவப்பு மையில். அதுவும் இரண்டு பேர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னால்தான் அந்த மை பாட்டிலைத் திறப்பார்.

“ரெண்டு சாட்சி இல்லாம ஒருத்தனையும் சாகடிக்கக் கூடாது” என்பார்.

வீரர்களின் வீடுகளுக்கு அனுப்ப இரண்டு வகை அஞ்சலட்டை அச்சடித்து வைத்திருந்தார். இறந்தவர் வீட்டுக்கு ஒன்று: ‘இறந்த செய்தி தங்களுக்குக் கிடைத்த தேதி எது?’ காணாமல் போனவர் வீட்டுக்கு இன்னொன்று: ‘அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்த தேதி எது?’

பெயரும் விலாசமும் எழுதித் தபாலில் போடுவது பிலோமினாவின் வேலை. ரேடியோவில் பாட்டுக் கேட்டபடியே எழுதினாள். காணாமல் போன மணவாளன் முதல் வகை அட்டையில் விழுந்துவிட்டான்.

அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. தபால்காரர் தெருக்குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்திருக்கிறார்.

முன்னறைக்குள் வந்து அப்பாவின் மேசைமுன் நின்ற வடிவின் நெற்றியில், வருடக்கணக்காகப் பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. மணிக்கட்டில் கண்ணாடி கீறிய கோடுகள்.

“என் மாமியா கெயவிக்கு எயுந்து நிக்கவே ரெண்டு ஆளு வோணும். அட்டையப் படிச்சதும் பாக்கணுமே, ஒரே தாவு! பொட்ட அயிச்சா, வளையல ஒடச்சா.”

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“தாலிய மட்டும் நான் வுடல. நாளைக்குக் காலைல கொளத்தாண்ட இட்டுகினு போயி அறுக்கப் போறாங்களாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கையா. அவுரு செத்துட்டாரா?”

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் தேதியோடு பதில் சொல்லும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கோபம் என்று பிலோமினா நினைத்தாள். இந்த அமைதிக்குப் பின்னால் அடி நிச்சயம். சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் நாளைக்குக் காலை குளத்தங்கரை.

“தப்பு என்னோடதுக்கா” என்றாள். “அட்டைய மாத்திப் போட்டுட்டேன். அவரு காணாமப் போனவங்க லிஸ்ட்லதான் இருக்காரு. நானே பாத்தேன். சத்தியமா.”

வடிவு அவளை நெருங்கினாள். பிறகு கையை ஓங்கினாள். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தக் கை கன்னத்தைத் தடவியது.

“அடிப்பாவி! ஒரு நாள்ல என்னக் கெயவியாக்கிட்டியேடி. ஊட்ல குங்குமம் கீதா?”

“இல்லக்கா. நாங்க வேதக்காரங்க.”

“வெறும் நெத்தியோட நான் பஸ்ஸு ஏற மாட்டேன். இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது.”

அதுவரை அசையாமல் இருந்த இன்னாசிமுத்து, சிவப்பு மை பாட்டிலைத் திறந்து மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

வடிவு மோதிர விரலை முக்கினாள். புத்தக அலமாரியின் கண்ணாடியில் பார்த்து, வெளுத்த வட்டத்தின் நடுவில் அழுத்தி வைத்தாள். ஒரு சொட்டு மூக்கின்மேல் இறங்கியது. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

கிழவி நம்ப வேண்டும் என்று சரியான அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிலோமினா அதில் மணவாளனின் பெயரை எழுதினாள். இன்னாசிமுத்து கீழே தன் ரப்பர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

கேட்டைத் தாண்டியதும் வடிவு திரும்பிப் பார்த்துக் கும்பிட்டாள். பூந்தமல்லிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பிலோமினா அடிக்குக் காத்திருந்தாள். அடி விழவில்லை. அப்பா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

செய்த தப்பைக் குறித்தாவது வைப்போம் என்று, இதுவரை தொடாத அந்த இழுப்பறையை அவள் இழுத்தாள். மணவாளனின் குறிப்பட்டை உடனே கிடைத்தது. மற்றவை போலில்லாமல், எடுத்து எடுத்து இதன் ஓரங்கள் பஞ்சாகியிருந்தன.

‘காணவில்லை’ என்று மேலே இருந்தது. கீழே நீல மையில், வெளிறிப்போன அப்பாவின் கையெழுத்து.

‘முதல் சாட்சி: இன்னாசிமுத்து. ஓடுபாதை ஓரம், நான் பார்க்க, அவன் நின்ற இடத்தில் குண்டு விழுந்தது. எடுப்பதற்கு எதுவும் இல்லை.’

அதற்கும் கீழே, ‘இரண்டாம் சாட்சி’ என்ற வரி காலியாக இருந்தது.

“மைய மூடி வை பிலோ” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே. “காஞ்சிடப் போவுது.”