பன்னிரண்டு நீல உறைகள்

"அந்த அறைக்குள்ள பேயையா பிடிச்சுப் பூட்டி வைச்சிருக்கா உங்கட ரீச்சர்?"

அஜந்தா மகளைக் கேட்டாள். தனுஷாவின் மடியில் ஒரு காட்போட் மட்டை. அதில் பேனையால் கட்டம் கட்டமாய்க் கீறிய விசைப்பலகை. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

அஜந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருசம் இதே மங்கையற்கரசி ரீச்சர்தான் வாவிக்கரை ஓரம் வீடு வீடாய் ஏறி இறங்கினவ. "பொம்புளப் புள்ளயளுக்கும் கொம்பியூட்டர் வரும். ஏ.எல். உயர்தரத்துக்கு ரெக்னோலஜிப் பிரிவில விடுங்க. எஞ்சினியரிங் படிக்கக் கம்பஸ் வரைக்கும் போவாளுகள்."

அவள் புருசன் உதயரூபனுக்குப் பாசிக்குடா ஹோட்டலில் வேலை. ஒரே பேச்சில் முடித்துவிட்டான். "ஊருக்குள்ள எண்டா படிக்கட்டும். ரவுனுக்கு பஸ் ஏறி, இருட்டினாப் பிறகு வாற படிப்பு வேணாம். கட்டாரில வேல செய்யிற மாப்பிள்ள வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்காங்க."

அஜந்தாவையும் கொன்வென்ற்றில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தபோதுதான் மறித்துக் கட்டிக்கொடுத்தார்கள். பதினெட்டு நிரம்பி நாலே நாள். மகளுக்கு இப்போது பதினேழு.

இப்போது என்னவென்றால், தை மாதத்திலிருந்து பள்ளிக்கூடக் கொம்பியூட்டர் அறைக்குப் பூட்டு.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னகா, மகள் மட்டையில தட்டித் தட்டியா எஞ்சினியர் ஆகப்போறா?"

அடுத்த நாள் அஜந்தா பள்ளிக்கூடத்துக்கே போனாள். ஜன்னலால் பார்த்தாள். வரிசையாய்ப் பன்னிரண்டு கொம்பியூட்டர். எல்லாவற்றுக்கும் நீல உறை. அவள் வீட்டுப் பழைய ஜன்னல் திரைத் துணிதான். உறை தைக்க வேணுமென்று தனுஷா வாங்கிக்கொண்டு போனது.

"ஒருக்காத் திறந்து காட்டுங்க ரீச்சர்."

"இப்ப ஏலாது."

"புள்ளயள் தொட்டா தேஞ்சு போயிருமா?"

ரீச்சர் பூட்டுத் திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டா. "உங்கட மகள் படிக்கிறாளா இல்லையா எண்டத மட்டும் பாருங்க."

என்ன திமிர்!

வீட்டுக்கு வந்த அஜந்தா, மகள் வருமுன் கடதாசி எடுத்தாள். கொன்வென்ற்றில் சிஸ்டர்மார் பழக்கிய எழுத்து. கொம்பியூட்டரை மூடி வைத்து அழகு பார்க்கும் ஆசிரியை பற்றி ஒரு பக்கம். 'பாதியில் நின்றவளுக்குத்தான் படிப்பின் அருமை தெரியும்' என்று முடித்தாள். பேர் போடவில்லை. கல்விக் கந்தோருக்குத் தபாலில் சேர்த்தாள்.

பத்தாம் நாள் தனுஷா நேரத்தோடு வந்தாள். புத்தகப் பையைக் கழற்றாமலே வாசற்படியில் குந்தினாள்.

"கந்தோரால மூண்டு பேர் வந்து அறையத் திறந்தாங்கம்மா."

"நல்லதுதானே!"

"உறையக் கழட்டினாங்க. ஒண்டும் வேல செய்யல்ல. மார்கழி வெள்ளத்தில எல்லாத்துக்கும் தண்ணி போனது. உள்ளுக்கெல்லாம் துருவும் சேறும்."

"அப்ப... ரீச்சர் ஏன் மறைச்சவ?"

"கொம்பியூட்டர் இல்லாத பள்ளிக்கூடத்தில ரெக்னோலஜிப் பிரிவு நடத்த விடமாட்டாங்களாம். புதுசு கேட்டு மூண்டு தரம் எழுதினவ. வாறவரைக்கும் பூட்டி வைச்சிட்டு, தன்ட லெப்டொப்பில பள்ளி விட்டாப் பிறகு எங்கள நாலு நாலு பேரா இருத்திப் படிப்பிச்சா. மிச்ச நேரத்துக்குத்தான் மட்டை."

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"உறை தைச்சதே நாங்கதானேம்மா."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே புள்ள..."

"சொன்னா நீங்க பயந்து அப்பாட்டச் சொல்லிருவீங்க. அவர் மறிச்சிருவார்." தனுஷா மட்டையை இரண்டாக மடித்தாள். "இப்ப பிரிவ மூடியாச்சு. படிக்கிறதெண்டா ரவுனுக்குப் போகட்டாம். ரீச்சருக்கு விசாரணை."

மேசையில் ஃபோன் அடித்தது. உதயரூபன். சேதி அங்கேயும் போயிருக்க வேண்டும். அஜந்தா எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்காங்கம்மா. அவங்க கை அழுகிப் போகும்."

அஜந்தா வலக் கையைச் சேலைக்குள் மறைத்தாள். "ரீச்சரும்... அப்பிடித்தான் ஏசினவவா?"

"இல்ல. வந்த ஐயா கடிதத்த அவட கையில குடுத்தார். ரெண்டு தரம் வாசிச்சா. நாங்க ஏசினதுக்கு எங்களத்தான் அதட்டினா." தனுஷா கண்ணைத் துடைத்தாள்.

"'எவ்வளவு வடிவான எழுத்து! படிப்ப ஆரோ பாதியில மறிச்ச புள்ள. அதத் திட்டாதீங்க' எண்டா."