கன்னையா கிணறு

"தண்ணி குடிங்கண்ணே. ஏர்கோன் தொண்டைய காய வெச்சிரும்" என்று என் தம்பி தம்புசாமி போத்தலைத் திறந்து நீட்டினான்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் முதல் வரிசை. நானும் அவனும். மேடையில் என் மகள் வாணி.

திரையில் எங்கள் ஊர் ஜெஞ்சாரோமின் வரைபடம். காற்றின் மாசை ஒரு குழு அளந்திருந்தது. கிணற்று நீரை வாணியின் குழு. செயற்கைக்கோள் படங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தினுடையவை. தனித்தனியாகக் கிடந்த தரவுகளை ஒன்றாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இன்று திறந்துவிடுகிறார்கள்.

கிணறுகளுக்கு அவர்கள் பெயர் போடுவதில்லை. இடத்தைக்கூட மங்கலாக்கிவிடுவார்கள். எங்கள் கிணற்றுக்கு மட்டும், அதை வெட்டிய என் அப்பாவின் பெயரைப் போடச் சொல்லிக் கையெழுத்திட்டது நான்தான். கோயில் டியூப் லைட்டில் உபயக்காரர் பெயர் எழுதுகிறோமே.

போன வாரம் வாணி, "பேர எடுத்துடட்டாப்பா?" என்று கேட்டாள்.

"தாத்தா பேரு உனக்குக் கூச்சமா இருக்கா?" என்றேன். பெயரை அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது பொத்தானை அழுத்தினாள். மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன.

மங்கலான வட்டங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. அருகில், கன்னையா.

"மூணு டேட்டாவும் ஒரே இடத்தத்தான் காட்டுது" என்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. "இந்தக் கிணத்துக்குப் பின்னால இருக்கிற செம்பனைத் தோட்டம். உள்ளுக்குள்ள பிளாஸ்டிக் குப்பைய எரிக்கிறாங்க. ரெண்டு வருஷமா. தண்ணியில விஷம் எறங்கிருச்சு."

பின்னால் யாரோ, "யாரு லா அந்தக் கன்னையா?" என்றார்கள்.

அந்தத் தோட்டம் எங்களுடையது. முழங்கால் போன பிறகு நான் உள்ளே போவதில்லை. தம்புசாமிதான் பார்த்துக்கொள்கிறான்.

பெற்ற மகள், ஊரைக் கூட்டிவைத்து என் அப்பா பெயரில் சேற்றை வாரிப் பூசிவிட்டாள்.

எழுந்தேன். முதுகு வளையாமல் வாசல்வரை நடந்தேன். தம்பி பின்னாலேயே வந்தான்.

"படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சிட்டா" என்றான். "எவனாவது லோரியில கொண்டாந்து கொட்டியிருப்பான். நமக்கு என்னண்ணே தெரியும்?"

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். தொண்டை வறண்டிருந்தது. கையில் அவன் கொடுத்த போத்தல்.

வாரம் தவறாமல் என் வீட்டில் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் இறக்கிவைப்பான் தம்புசாமி. இந்த வயதில் கிணற்றுத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ரெண்டு வருஷமாக.

போத்தலைத் திருகி மூடி, அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.