பொன்னும் பேணி வளையமும்

உலோகம் தேடும் கருவி கீச்சிட்டதும் யோகராஜா முழந்தாளிட்டார்.

பின்னால் நின்ற மூவரும் எட்டிப் பார்த்தார்கள். மனைவி இம்மாகுலேற், அவளுடைய சின்னம்மாவின் மகள் அஞ்சலீனா, அஞ்சலீனாவின் கணவன் செல்வரத்தினம்.

போன ஞாயிறு எல்லோருமாக இந்தக் காட்டுக்குப் பிளாக்பெரிப் பழம் ஆய வந்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது அஞ்சலீனாவின் கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

யோகராஜா புல்லைக் கத்தியால் சதுரமாகக் கீறி, பெட்டி மூடியைப் போலத் திறந்தார். மண்ணை விரலால் உதிர்த்தார்.

பித்தளைப் பொத்தான். எந்தக் காலத்துச் சிப்பாயினுடையதோ.

செல்வரத்தினம் சலித்துக்கொண்டான். இம்மாகுலேற்றுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருவனின் நெஞ்சிலிருந்து இந்த ஓக் மரத்தடியில் கழன்று விழுந்தது, இத்தனை காலம் கழித்து முதன்முதலாகத் தொடப்படுகிறது. தொட்டவர், கிழமை முழுக்கத் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் தன் மனிசன்.

இருவரும் குடியிருக்கும் குட்மேய்ஸில் அவருக்குத் தகரம் பொறுக்கி என்று பட்டம். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஒருநாள் அவர் கருவியின் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் மாட்டினார். இரும்பு உறுமியது. செம்பு கிணுங்கியது. மீன் செதிலைப்போல மெல்லிய ஒரு வெள்ளிக் காசை, ராசாவின் முகம் தேய்ந்துபோனதை, அவள் உள்ளங்கையில் வைத்தார். அதன்பிறகு அவள் சிரிக்கவில்லை.

அவருடைய காதும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. பொன்னும், கோக் தகரப் பேணியை இழுத்துத் திறக்கும் வளையமும் அந்தக் கருவிக்கு ஒரே குரல். கிண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"பதினொரு பவுன், அண்ணை," என்றான் செல்வரத்தினம். "மாட்டுக்குக் கட்டின மணியும் கழுத்திலை நிக்கும். இவளுக்கு நிக்கேல்லை."

அஞ்சலீனா கார்டிகனை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

இன்றைக்குக் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க இந்தப் பிள்ளை இந்தப் பேச்சைக் கேட்கவேண்டும் என்று இம்மாகுலேற் நினைத்தாள். தொலைந்ததை மீட்டுத் தரும் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தாள்.

முட்புதர் ஓரத்தில் கருவி மறுபடி குரல் கொடுத்தது. மெதுவான, உருண்டையான குரல்.

யோகராஜா குனிந்தார். இந்த முறை கத்தியை எடுக்கவில்லை. புல் தானாகவே பெயர்ந்து வந்தது. அவருடைய அகன்ற முதுகு குழியை மறைத்தது. நெடுநேரம் அப்படியே இருந்தார். ஒருமுறை மட்டும் தலையைத் திருப்பி அஞ்சலீனாவைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் புல்லை அமத்திவிட்டு எழுந்தார்.

"கோக் பேணியின்ரை வளையம்."

இருட்டுப்படும் நேரம்வரை காட்டின் மிச்சப் பகுதியையும் பொறுமையாகத் தடவினார். ஒரு லாடமும் இரண்டு பென்னிகளும் கிடைத்தன. செல்வரத்தினம் பெற்றோல் ஸ்ரேஷன் ஷிப்டுக்கு நேரமாகிறதென்று தன் காரில் கிளம்பினான். மனைவியைப் பிளேஸ்டோவிலுள்ள தங்கள் வீட்டில் இறக்கிவிடும்படி யோகராஜாவிடம் சொன்னான்.

வழியில், வழக்கமாகப் போடும் பாட்டுக் கசற்றை யோகராஜா போடவில்லை.

குட்மேய்ஸ் வந்தது. பிளேஸ்டோவுக்கு நேரே போகவேண்டியவர் தங்கள் வீட்டுத் தெருவுக்குத் திருப்பினார்.

பாதையை மறந்துவிட்டாரோ என்று கேட்க இம்மாகுலேற் வாய் திறந்தாள். அதற்கு முன் பின்சீற்றிலிருந்து குரல் வந்தது.

"அத்தான், நான் வைச்ச மாதிரியே திருப்பி மூடினியளோ?"

"ஓம், பிள்ளை," என்றார் யோகராஜா, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன்ரை லேஞ்சித் துணியாலை கொடியைச் சுத்தித்தான் வைச்சனான்."