கூண்டுப் பட்டியல்

சிங்கக் கூண்டைப் பார்வையிட நுழைந்த மிருகக்காட்சி சாலை இயக்குநருக்குப் பின்னால் தானியங்கிக் கதவு மூடிக்கொண்டது. இன்னும் ஆறு நிமிடத்தில் உள்கதவு திறக்கும். சிங்கம் சாப்பிட வரும். அலறியபடி புரோகிராமர் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கதவைத் திற!"

"கூண்டுப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் திறக்கும் சார். நான் ஜாவாவுல எழுதின லிஸ்ட்."

"என்னையும் அதுல சேத்துடு, என் தாயே!"

"நிரலைச் சரிபாக்குற கம்பைலர் விடமாட்டேங்குது சார். 'டி எக்ஸ்டெண்ட்ஸ் அனிமல்'னு வரம்பு கட்டியிருக்கேன். விலங்கும், விலங்கு வழி வந்ததும்தான் உள்ளே போகும்."

"வரம்பை எடுத்துத் தொலை!"

"எடுத்தா எடை கேக்குற வரி ஓடாது. எடை தெரியாம கதவு நகராது."

"மனுஷனும் விலங்குதானேம்மா!"

"அப்படித்தான் எழுதியிருந்தேன். போன வாரம் நீங்கதான், 'என்னை விலங்குன்னு எழுத என்ன திமிரு'ன்னு கத்தி, மாத்த வச்சீங்க."

உள்கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்டது.

"நான் விலங்குதான்! எங்கப்பனும் விலங்குதான்! சீக்கிரம் எழுதும்மா!"

எழுதினாள். கம்பைலர் முனகாமல் ஏற்றுக்கொண்டது. கதவு திறந்ததும் இயக்குநர் நாலுகால் பாய்ச்சலில் வெளியே வந்து விழுந்தார். போன உயிர் திரும்பி வந்தது.

உடனே ஒலிபெருக்கி அலறியது: "கூண்டிலிருந்து விலங்கு தப்பிவிட்டது!"

மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஓடிவந்தார் கால்நடை மருத்துவர். அவர் கேட்ட லீவை மூன்று முறை மறுத்தவர் இந்த இயக்குநர்தான்.

"யோவ், நான்யா!"

மருத்துவர் கைப்பேசியில் பட்டியலை நிதானமாகப் படித்தார்.

"தொண்ணூத்தி நாலு கிலோ. நல்லவேளை, எடையும் போட்டிருக்கு" என்று மருந்தை அளந்து ஏற்றினார்.